முகமூடி இரண்டு, சேதம் இல்லை

இராஜமாணிக்கம் வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஃபயர் ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸுக்கு எதிரில் இருபது வருஷமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எந்த வீட்டில் என்ன சண்டை என்று யாரும் வந்து சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டிலிருந்து ரேடியோ சத்தத்துக்கு மேல் எதுவும் வந்ததில்லை. தொண்ணூற்றெட்டு ஜனவரியில், பனி இன்னும் விலகாத ஒரு காலையில், அவர் மனைவி அலர்மேல்மங்கை போட்ட சத்தத்தில் என் கடையில் நின்று ஒரு காபியை பை-டூவாக ஆளுக்குப் பாதி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரோடு வாசலுக்கு ஓடினார்கள்.

"ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா ரத்தமா போய்கினு இருக்குது. நீ பாட்டுக்கு தண்ணி ஊத்திட்டு வந்து எதுவும் நடக்காத மாதிரி பக்கத்துல உக்காந்து களி தின்னுகினு இருந்திருக்கிற!"

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை 'நீங்க' என்று சொல்லிவந்தவள் அன்றைக்கு 'நீ' என்றாள். தீக்குப் போகும்போது அவர் மாட்டும் காக்கிக் கோட்டு வாசற்படியைத் தாண்டி வந்து சாலையில் விழுந்தது. பின்னாலேயே அவளும் வந்தாள்.

"மங்கா, உள்ள வா. ரோட்ல எதுக்கு?" என்றார் இராஜமாணிக்கம். லுங்கியோடு கதவருகே நின்றிருந்தார்.

"ரோட்லதான் சொல்லுவேன். வூட்டுக்குள்ள சொன்னா நீ அமுக்கிடுவ. டைப் அண்ணா, நீங்களே கேளுங்க. இன்னிக்கி குழாய்ல தண்ணி வரல. வந்திருந்தா இன்னிக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஊர் தீயை அணைக்க வண்டி வண்டியாகத் தண்ணீர் ஏற்றிப் போகிறவர்களின் குவார்ட்டர்ஸில் ஒன்று விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அது வராத நாளில்தான் இந்த மனுஷனின் வியாதி வெளியே தெரிந்தது.

இராஜமாணிக்கத்துக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருஷ சர்வீஸ், லீடிங் ஃபயர்மேன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அவர் தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்ட்டுக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் கன்னடம், சந்தையில் உருது என்று மூன்றும் தடங்கலில்லாமல் வரும். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது, வெற்றிலைகூடப் போட மாட்டார். கன்னடத்தில் அவர் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும் என்பதால், தீயிலிருந்து வண்டி திரும்பியதும் நடந்ததை ஸ்டேஷன் ரெஜிஸ்டரில் எழுதும் வேலை அவருடையது. மங்கையின் தம்பி கோவிந்தராஜனும் அதே ஸ்டேஷன்தான். அவனை வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான்.

அந்த ஸ்டேஷன் வழக்கம் ஒன்று உண்டு. தீயை அணைத்துவிட்டு வண்டி உள்ளே நுழைந்ததும் எல்லோரும் பெஞ்சில் உட்காருவார்கள். தட்டில் உடைத்த வெல்லம் வரும், கூடவே ஆளுக்கு ஒரு வாழைப்பழம். நெஞ்சில் ஏறின புகையை வெல்லம் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும் என்று நம்பிக்கை. கை கழுவிவிட்டுத் தின்றால் வெல்லத்தின் வேகம் குறைந்துவிடுமாம். அதனால் கரிக் கையோடு எடுத்து வாயில் போட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து ஃபயர்மேன் யாரோ ஆரம்பித்து வைத்தது, அப்படியே வந்துவிட்டது. வெல்லத்தைப் பார்த்து வாங்கி, உடைத்து, டப்பாவில் போட்டு அனுப்புவது மங்கையின் பொறுப்பு. மண்டியா வெல்லத்தில் எது அசல் எது கலப்படம் என்று நாக்கில் வைக்காமலே சொல்லுவாள்.

கோட்டையும் அவ்வளவு சீக்கிரம் துவைக்க மாட்டார்கள். கோட்டில் எவ்வளவு கரி ஏறியிருக்கிறதோ அவ்வளவு மரியாதை. புதிதாகச் சேர்ந்தவன் சுத்தமான கோட்டோடு வந்தால் "மாப்பிள்ளைக் கோட்டு வருது, வழி விடுங்கப்பா" என்று கிண்டல் செய்து அழ வைத்துவிடுவார்கள். மாசத்துக்கு ஒரு தடவை, நாற்றம் தாங்காமல் போகும்போது, மங்கை அதை எடுத்துப் பின்பக்கத்துக் கல்லில் போட்டுத் துவைப்பாள். மூன்று தண்ணீர் மாற்றினாலும் கறுப்பு நிற்காது.

அன்று காலையே அவரை ஆட்டோவில் ஏற்றினாள். காகிதமெல்லாம் இங்கிலீஷில் இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டாள். ஷட்டரை இழுத்துவிட்டுப் போனேன். பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராய்ச்சூரிலிருந்தும் அனந்தப்பூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்தவர்கள் போர்வை விரித்துப் படுத்திருந்தார்கள். அங்கே இரண்டு வாரம் நடந்தோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுத்தார்கள், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் பாமா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"மூத்திரப் பைக்குள்ள ரெண்டு இடத்துல கட்டி இருந்தது. கேன்சர்தான். ஆனா ஆழமா இறங்கல. சுரண்டி எடுத்தாச்சு. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு வாரம், குழாய் வச்சு மருந்து உள்ள விடுவோம். குழந்தைங்களுக்கு டி.பி. வராம இருக்க தோள்ல ஊசி போடறோமே, அதே சரக்குதான்."

"அதோட சரியாயிடுங்களா?" என்றாள் மங்கை.

"அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கணும், வருஷக்கணக்கா. திரும்பி வர்ற வியாதி இது. சீக்கிரம் பிடிச்சா சுரண்டிடலாம், விட்டுட்டா பையையே எடுக்க வேண்டி வரும். சரி, பீடி சிகரெட் எத்தனை வருஷமா?"

"தொட்டதே இல்லம்மா" என்றார் இராஜமாணிக்கம்.

"சாயப் பட்டறை, பெயிண்ட், ரப்பர் ஃபேக்டரி, எங்கயாவது வேலை பார்த்தீங்களா?"

"இல்லம்மா. ஃபயர் சர்வீஸ். இருபத்தாறு வருஷம்."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "தீயிலிருந்து திரும்பி வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"வெல்லம் சாப்பிடுவோம்."

"கை கழுவிட்டா?"

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மங்கை தரையைப் பார்த்தாள்.

"கோட்டை எங்க துவைப்பீங்க?"

"வூட்லதாம்மா, கல்லுல. அதே பக்கெட்டுலதான் எங்க பொண்ணு ஸ்வர்ணாவோட ஸ்கூல் யூனிஃபார்மும்…" மங்கை பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் கை சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"பயப்படாதீங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகிடல. இனிமே தனியாத் துவைங்க" என்றார் டாக்டர். "ஆனா தெரிஞ்சுக்கணும். இன்னிக்கு எரியறது வெறும் மரமும் துணியும் இல்ல. ப்ளாஸ்டிக், ரெக்ஸின், ஸ்பாஞ்சு. அந்தக் கரி தோல்ல ஒட்டியிருக்கற வரைக்கும் தோல் வழியா உள்ள போயிட்டே இருக்கும். ரத்தத்துல கலந்து, மூத்திரமா இறங்கி, பையில வந்து தங்கும். ஸ்டேஷன்லயே சோப்பு போட்டுக் குளிக்கணும். கோட்டு வீட்டுக்குள்ள வரக் கூடாது. புகைக்குள்ள போறப்ப காத்து சிலிண்டரோட முகமூடி மாட்டணும். உங்ககிட்ட இருக்குமே?"

"இருக்குதும்மா" என்றார் இராஜமாணிக்கம். "பீரோல இருக்குது."

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

"இதனாலதான் வந்ததுன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ண என்னால முடியாது. ஃபயர்மேன்களுக்கு இது கூடுதலா வருதான்னு வெளிநாட்டுல பார்த்துட்டு இருக்காங்க. ஆனா வேற காரணம் எதுவும் இவர்கிட்ட தெரியல, வேலையாலதான் இருக்கணும்னு எழுதித் தரேன். இனிமே புகைக்குள்ள அனுப்பக் கூடாதுன்னும் எழுதறேன். இத்தனை வருஷத்துல எத்தனை தடவை புகையில இருந்தார்னு உங்க ரெக்கார்டுல இருந்து ஒரு லிஸ்ட் எடுத்து இதோட சேர்த்துக் குடுங்க. அதுதான் பலம்."

வேலையால் வந்த நோய் என்று இலாகா ஒப்புக்கொண்டால், சிகிச்சை முடியும்வரை கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்க உட்கார வைப்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், லீவு தீர்ந்ததும் தீக்குப் போகும் பம்பு வண்டியில் ஏற வேண்டும். ஏற மாட்டேன் என்றால் தகுதி இல்லாதவர் என்று எழுதி வெளியே அனுப்பிவிடுவார்கள். வண்டியில் ஏறினால் புகை, ஏறாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. இராஜமாணிக்கத்தின் உயிர் அந்த லிஸ்டில் இருந்தது என்று சொன்னால் அது மிகை இல்லை.

லிஸ்ட் எடுக்க நானே நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் ஆபீசர் நஞ்சப்பா மறுப்புச் சொல்லாமல் ரெஜிஸ்டர்களைத் தூசு தட்டிக் கொடுத்தார். நஞ்சப்பா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எண்பத்தொன்பதிலிருந்து பார்த்தேன். டயர் கடை, மர டிப்போ, பெயிண்ட் கோடவுன், சோபா ஸ்பாஞ்சு. நாற்பத்தொரு பெரிய தீ. ஒவ்வொன்றின் கீழும் அந்த அழகான கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: முகமூடி இரண்டு உபயோகம், ஆட்களுக்குச் சேதம் இல்லை. நாற்பத்தொரு இடத்தில், எழுத்து மாறாமல்.

"முகமூடி போட்டுதான் போனீங்களா?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்ற கோவிந்தராஜன் சுவரோரம் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினான். கைப்பிடியில் பெரிய பூட்டு தொங்கியது.

எண்பத்தொன்பதில் நாலு முகமூடி செட்டு வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு. எது உடைந்தாலும் கையெழுத்துப் போட்டு எடுத்தவன் பதில் சொல்ல வேண்டும் என்று அதனோடேயே ஒரு உத்தரவும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு எவன் கையெழுத்துப் போடுவான்? வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு ஹெட் ஆபீஸிலிருந்து சாவி வரவழைத்து வெளியே எடுத்து, மேலாகப் பாலிஷ் போட்டு, குங்குமம் வைத்து, சாமந்திப் பூச் சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். புகைக்குள் போகும்போது ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்கள். ஆனால் முகமூடி இல்லாமல் புகைக்குள் போகக் கூடாது என்பதும் விதி. ரெஜிஸ்டரில் அந்த இடம் காலியாக இருந்தால் ஏன் என்று மேலே இருந்து மெமோ வரும்.

அன்று மாலை இராஜமாணிக்கத்திடம் கேட்டேன். மருந்து விட்டு வந்த நாள். எரிச்சலில் முகம் சுருங்கிப்போய்க் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"காலியா விட்டா நஞ்சப்பா சாருக்கு மெமோ வரும், பசங்களுக்கு வரும். ரெண்டுன்னு எழுதிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. அதான் எழுதினேன்" என்றார்.

"ஒன்பது வருஷமாவா?"

"முத தடவை எழுதும்போது ரெண்டு தரம் பேனாவைக் கீழ வச்சேன், சேகர். அப்புறம் பழகிப்போச்சு."

என் பெயர் சந்திரசேகரன். அவர் ஒருவர்தான் என்னை சேகர் என்று கூப்பிடுவார். அந்தப் படுத்த படுக்கையிலும் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவனாக ஒரு மனுஷன் ஏன் இருக்க வேண்டும்?

டாக்டர் கடிதத்தையும் லிஸ்டையும் வைத்து மனு டைப் செய்து அனுப்பினோம். மார்ச் பத்தாம் தேதி பதில் வந்தது. கன்னடத்தில் ஆறு வரி. மனுதாரர் எல்லாச் சம்பவங்களிலும் பாதுகாப்புக் கருவி உபயோகித்ததாக அவர் கைப்பட எழுதிய பதிவேடே சொல்கிறது. ஆட்களுக்குச் சேதம் இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே நோய்க்கும் பணிக்கும் தொடர்பு இல்லை. லீவு முடிந்து ஏப்ரல் ஒன்றாம் தேதி பம்பு டியூட்டிக்கு வர வேண்டும். நான் படிக்கப் படிக்க மங்கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையை விட்டுவிட்டு வெறும் காம்பை உருவ ஆரம்பித்தாள்.

"கோவிந்து வரட்டும்" என்றாள்.

டியூட்டி முடிந்து வந்தவனை உட்காரக்கூட விடவில்லை.

"டேய், முகமூடியே போடலன்னு எழுதிக் குடு. நீ வண்டியில கூட இருந்தவன்."

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பேசு. பொய் ரெக்கார்டு எழுதினோம்னு நானே ஒத்துக்கணுமா? செட்டுல இருக்கிற ஏழு பேர் வேலையும் போயிடும். என் பொண்டாட்டிக்கு ஏழாவது மாசம் நடக்குது."

"மாமா ஒண்ணாந் தேதி வண்டி ஏறணும்னு எழுதியிருக்கான். ஏறச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா. மாமாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பாத்துக்க மாட்டேனா?"

"எப்படிப் பாத்துப்ப? தையல் மெஷினு வாங்கிக் குடுப்பியா? வருஷா வருஷம் சேலை எடுத்துகினு வருவியா? செத்தப்புறம் பாத்துக்கறவன், உசுரோட இருக்கச்சே ஒரு கையெழுத்து போட மாட்டியாடா?"

"மங்கா, அவனை விடு" என்றார் இராஜமாணிக்கம் கட்டிலிலிருந்து. "புள்ள பொறக்கப்போற நேரம். எழுதினது நான். அவன் எதுக்கு மாட்டணும்?"

"நீ பேசாத! நீ யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு எழுதி எழுதித்தான் இன்னிக்கு எனக்கு இந்தத் தொந்தரவு. ஊர்ல எல்லாரும் சொந்தம், நான் ஒருத்திதான் உனக்கு வேத்தாளா?"

கோவிந்தராஜன் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போனான். கொடுத்த காபி அப்படியே ஆறிக் கிடந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் அக்காள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வெல்ல டப்பா ஸ்டேஷனுக்குப் போவதும் நின்றுவிட்டது.

மார்ச் இருபத்தாறு. அந்த வருஷம் மார்ச்சிலேயே வெயில் கண்ணைக் குத்தியது. பதினோரு மணிக்கு மணி அடித்தது. சிவாஜிநகரில் சந்துக்குள் இருந்த ஸ்பாஞ்சு, ரெக்ஸின் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டதாம். கோவிந்தராஜனின் செட் கிளம்பியது. மணிச் சத்தம் கேட்டதும் இராஜமாணிக்கம் பழக்கத்தில் கட்டிலை விட்டு எழுந்து கால்சட்டையைத் தேடினாராம். மங்கை கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். என் கடை வாசலிலிருந்து பார்த்தால் மசூதி கோபுரத்துக்குப் பின்னால் புகை தெரிந்தது. கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாக மேலே போயிற்று. நாற்றம் இங்கே வரை வந்தது.

நாலு மணிக்கு வண்டி திரும்பியது. இறங்கின ஏழு பேரில் யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை. பல்லும் கண்ணும்தான் வெள்ளை. பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்கள். மங்கை வெல்லம் அனுப்பாததால் நஞ்சப்பா கடையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்திருந்தார்.

நான் பார்க்கும்போது மங்கை இரண்டு கையிலும் வெந்நீர் பக்கெட்டோடு ஸ்டேஷன் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். பின்னால் இராஜமாணிக்கம் சோப்புக் கட்டியும் துண்டுகளுமாக மெதுவாக நடந்து வந்தார். நான் ஓடிப்போய் ஒரு பக்கெட்டை வாங்கிக்கொண்டேன். அந்த ஸ்டேஷனுக்குள் அதுவரை எந்த வீட்டுப் பெண்ணும் கால் வைத்ததில்லை.

"தட்டைத் தொடாதீங்க. முதல்ல கையைக் கழுவுங்க, அப்புறம் மூஞ்சி, அப்புறம் கோட்டைக் கழட்டுங்க" என்றாள்.

"என்னக்கா இது, ஸ்டேஷன்ல வந்து?" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே வெல்லத்துக்குக் கை நீட்டினான். மங்கை தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். வெல்லம் சிமென்ட் தரையில் உருண்டது.

"இதை இருபது வருஷம் என் கையால உடைச்சி அனுப்பினேன்டா. மருந்துன்னு நினைச்சி அனுப்பினேன்" என்றாள்.

அப்போது கோவிந்தராஜனுக்கு இருமல் வந்தது. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் இருமினான். கடைசியில் துப்பினான். தரையில் விழுந்த சளி தார் போலக் கறுப்பாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் துண்டுகளோடு நின்ற மாமாவைப் பார்த்தான்.

நேராக வண்டிக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"பேட கோவிந்தா, வேண்டாம்! சர்க்கார் பூட்டுடா அது" என்று நஞ்சப்பா குறுக்கே வந்தார். "சாவி ஹெட் ஆபீஸ்ல இருக்கு, நான் எழுதி வாங்கறேன். எனக்கு எட்டு மாசத்துல ரிடைர்மென்ட், என் வயித்துல அடிக்காத!"

"தள்ளுங்க சார். ஒன்பது வருஷமா எழுதி வாங்கிட்டுதானே இருக்கீங்க."

இரண்டு நெம்பில் பூட்டுத் தெறித்தது. உள்ளே நாலு செட்டும் பளபளவென்று இருந்தன. ஒன்றின் கழுத்தில் போன ஆயுத பூஜைச் சாமந்தி காய்ந்து தொங்கியது. இராஜமாணிக்கம் முகமூடியைக் கையில் எடுத்து ரப்பர் விளிம்பை விரலால் அழுத்தினார். அது அப்பளம் போல ஒடிந்து உதிர்ந்தது. சிலிண்டரின் திருகைத் திறந்தார், காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததைத் திறந்தார், அதற்கடுத்ததையும் திறந்தார். நாலிலும் காற்றே இல்லை.

"இதையா பூட்டி வச்சி காவல் காத்தீங்க?" என்றாள் மங்கை. "இதுக்கா பூ வச்சீங்க?"

நஞ்சப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாவி கிடைத்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு யாரையாவது இழுத்துப் போட்டு அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க வேண்டிய ஆள் யாரும் அங்கே இல்லை.

கோவிந்தராஜன் மேஜைக்குப் போய் ரெஜிஸ்டரைத் திறந்தான்.

"கையைக் கழுவிட்டு எழுதுடா" என்றாள் மங்கை.

"இருக்கா. கழுவிட்டு வர்றதுக்குள்ள எனக்கு தைரியம் போயிடும். மாமா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

இராஜமாணிக்கம் அவன் பக்கத்தில் போய் நின்றார். முகமூடி உபயோகம் இல்லை. பீரோ பூட்டியிருந்தது. உடைத்துப் பார்த்ததில் நாலும் பாழ். புகை குடித்தவர்கள் ஏழு பேர். பெயர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டான். பக்கத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் கரி அப்படியே அதில் பதிந்திருந்தது.

"அந்தப் பேனாவைக் குடு" என்றார் இராஜமாணிக்கம்.

"லீவுல இருக்கிறவன் ரெஜிஸ்டர்ல எழுதக் கூடாது மாணிக்யா" என்றார் நஞ்சப்பா சன்னமாக.

"தெரியும் சார்."

தன் அழகான கையெழுத்தில் இரண்டு வரி எழுதினார். இதற்கு முன் முகமூடி இரண்டு என்று எழுதிய நாற்பத்தொன்றும் பொய். எழுதியவன் நான், இராஜமாணிக்கம். ரெஜிஸ்டரில் பக்க எண் அச்சடித்திருப்பதால் கிழிக்கவும் முடியாது. மற்ற ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கை கழுவினார்கள். இரண்டு பக்கெட்டுத் தண்ணீரும் கறுத்துப் போயிற்று.

கோவிந்தராஜனே ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். ஜெராக்ஸ் எடுத்தால் பக்கத்தின் ஓரத்தில் கறுப்பாக விழுந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. அது அவன் கட்டைவிரல். ஆறு காப்பி எடுத்து, டாக்டர் கடிதத்தோடு ஹெட் ஆபீஸ், மந்திரி ஆபீஸ், பத்திரிகை என்று ஆறு இடத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள், விசாரணை முடியும்வரை பம்பு டியூட்டி உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்கு மங்கை ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தாள். கை கழுவியவர்களுக்கு மட்டும். ஸ்டேஷன் பின்பக்கத்தில் பழைய டிரம் ஒன்றை வைத்து வெந்நீர் போட ஏற்பாடு செய்தார்கள். கோட்டுக்குத் தனிக் கல். வீட்டுக்குக் கோட்டோடு வருகிறவனை அவன் பெண்டாட்டி படியேற விடுவதில்லை.

இலாகாவின் முழுப் பதில் மே முதல் வாரத்தில் வந்தது. நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. உறையைப் பிரிக்கும்போது மங்கையும் இராஜமாணிக்கமும் கோவிந்தராஜனும் என் கடையில்தான் இருந்தார்கள். நான் சத்தமாகப் படித்தேன். முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலிச் சிலிண்டரைப் பற்றி இல்லை. ஏழு பேர் குடித்த புகையைப் பற்றி இல்லை. இராஜமாணிக்கத்தின் நோய் 'பரிசீலனையில்' இருக்கிறதாம். மற்றபடி, அரசாங்கப் பூட்டை உடைத்தது ஏன், அரசாங்கப் பதிவேட்டின் 212-ஆம் பக்கத்தைக் கரியால் அசுத்தப்படுத்தியது ஏன் என்று சம்பந்தப்பட்ட ஏழு பேரும் ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

இராஜமாணிக்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கன்னட மெஷினில் தாளைச் சொருகினேன். மரியாதைக்குரிய ஐயா, தங்கள் மெமோ கண்டு மிகவும் வருந்தி என்று வழக்கப்படி ஆரம்பித்தேன்.

"இன்னாண்ணா அடிக்கிறீங்க?" என்றாள் மங்கை.

படித்துக் காட்டினேன்.

"வருந்தியா? கிழிச்சிப் போடுங்க அதை. நான் சொல்றேன், அப்படியே அடிங்க."

வேறு தாளைச் சொருகினேன். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"அந்தப் பக்கத்துல இருக்கிறது ஏழு பேரு நெஞ்சுக்குள்ள இருக்கிற கரி. கொஞ்சம்தான் வெளிய வந்துச்சி, அதான் காயிதத்துல ஒட்டியிருக்குது. ரெஜிஸ்டரைத் திறந்து மூக்குகிட்ட வச்சி மோந்து பாருங்க. மோந்து பாக்கும்போது உங்க கையில ஒட்டிச்சின்னா, சோறு திங்கறதுக்கு முன்னாடி நல்லா சோப்பு போட்டுக் கழுவிடுங்க. எங்களுக்கு இதை யாரும் சொல்லல. நாங்க உங்களுக்குச் சொல்றோம்."

ஒரு வார்த்தை மாற்றாமல் கன்னடத்தில் அடித்தேன். சாயங்காலத்துக்குள் ஏழு கையெழுத்தும் விழுந்துவிட்டன. முதலில் போட்டவன் கோவிந்தராஜன். மழைத் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போட்டான்.